பங்காளிக் காடும் பன்றிக் கூட்டமும்

போன வருடம் புரட்டாசியில் ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் கடலை போயிற்று. காலையில் வரப்பில் நின்று பார்த்தபோது, யாரோ ஏர் பூட்டி உழுதுவிட்டுப் பாதியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. செடியெல்லாம் வேர் மேலே, இலை கீழே. எங்கள் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பார்க்கும் அண்ணன் ஒரு செடியைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"பாருங்க ஆச்சி, பிஞ்சைத் தொடலை. முத்துனதை மட்டும் தின்னுருக்கு. நம்ம ஆளுகளுக்கே இப்புடித் தரம் பிரிக்க வராது."

அவர் குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்தது. எனக்குக் கோபம் மட்டும்தான். அந்த நிமிடத்தில் யாராவது கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருந்தால், சுடத் தெரியாது என்பதைக்கூட யோசித்திருக்க மாட்டேன்.

சென்னையில் வங்கி வேலையில் 28 வருடம் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2019-ல் ஊருக்கு வந்தவள் நான். கல்லலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் சின்ன ஊர். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு, அதைச் சுற்றி அதேபோல் பூட்டிக் கிடக்கிற வீடுகள், ஓர் ஊருணி, ஊருக்கு வெளியே என் பங்குக்கு வந்த நாலு ஏக்கர் செம்மண் புஞ்சை. வந்த புதிதில் விவசாயத்தைப் பற்றி இந்த வலைப்பூவில் ரொம்ப அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். பழைய பதிவுகளைத் தேடிப் போகவேண்டாம். இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

காட்டுப்பன்றியை விரட்ட நாங்கள் செய்யாதது இல்லை. முதல் வருடம் சேலை கட்டினோம். வயலைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளை இழுத்துக் கட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டுப் பரணில் இருந்தவை அப்பத்தாவின் கண்டாங்கிகள். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019-ல் நான் அதைப் பன்றிக்கு வேலியாகக் கட்டினேன். அப்பத்தா இருந்திருந்தால் பன்றியை விட்டுவிட்டு என்னைத்தான் விரட்டியிருப்பாள். இரண்டு வாரம் பன்றி வரவில்லை. மூன்றாவது வாரம் சேலைக்கு அடியில் மூக்கை விட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அப்புறம் முடிவெட்டும் கடையிலிருந்து சாக்கு சாக்காக முடி வாங்கி வரப்பில் தூவினோம், மழை பெய்கிறவரை வேலை செய்தது. காலி பாட்டில்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். நாய் குரைக்கிற சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிட்டோம். அதைக் கேட்டு ஊர் நாயெல்லாம் விடிய விடியப் பதில் குரைத்ததில் தெருவில் யாரும் தூங்கவில்லை. ஆமணக்கை ஓரப்பயிராகப் போட்டதில் கொஞ்சம் பலன் உண்டு. உண்மையாகவே பலன் கொடுத்தது பரண் போட்டு ஆள் படுப்பதுதான். ஆனால் கடலை காய் பிடித்ததிலிருந்து பறிக்கிறவரை ஒன்றரை மாதம். யார் படுப்பது? வாரக்காரருக்கு வயது 61.

அவர்தான் ஒருநாள் மெதுவாகக் கேட்டார், "கம்பி போட்டுருவமா ஆச்சி?"

கம்பி என்றால் இரண்டு உண்டு. ஒன்று மின்சாரம். கம்பத்திலிருந்து கொக்கி போட்டுத் தரையோடு இழுத்துவிடுவது. அதில் பன்றி சாகும், மாடு சாகும், இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாவான். அதற்கு நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். இன்னொன்று சுருக்கு. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியை வளையமாக்கி, பன்றி வரும் வேலிச் சந்தில் கட்டிவைப்பது. "சுருக்கும் வேண்டாம்" என்று சொன்னேன். ஆனால் பக்கத்து நிலத்தில் சுருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது அங்கே இருப்பதால் என் கடலைக்கும் நல்லதுதானே என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியதும் உண்மை. கண்டும் காணாமல் இருந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை அந்தச் சுருக்கில் எங்கள் வீட்டு நாய் கிடந்தது. ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறது. பின்னங்காலில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காலை எடுத்துவிட்டுத் திரும்பினோம். இப்போது மூன்று காலோடு நான் இதை எழுதும் மேசைக்கு அடியில் படுத்திருக்கிறது. யார் போட்ட சுருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

வேட்டை நல்லதா கெட்டதா என்று நகரத்தில் நண்பர்கள் பேசும்போது எனக்கு இந்தக் கம்பிதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பேசுவது துப்பாக்கியோடு ஒரு மனிதன் காட்டுக்குள் போவதைப் பற்றி. சட்டப்படி அது எப்போதோ முடிந்துவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாட முதலில் அதிலும் வழி இருந்தது. 1991-ல் திருத்தி அதையும் அடைத்தார்கள். அந்தச் சட்டத்தில் கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும் துரத்துவதும்கூட வேட்டைதான், முயற்சி செய்தாலே வேட்டை. ஆனால் கிராமத்தில் துப்பாக்கி மறைந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது அகிம்சை இல்லை. கிளட்ச் கம்பியும், பழத்துக்குள் வெடி மருந்து வைக்கும் அவுட்டுக்காயும், குருணை மருந்து கலந்த நெல்லும்தான். துப்பாக்கியால் சுட்டவனுக்கு எதைச் சுட்டோம் என்றாவது தெரியும். கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், நாயும் ஒன்றுதான். அவுட்டுக்காயைக் கடித்த விலங்கு தாடை சிதறிப் பல நாள் பட்டினி கிடந்து சாகும். 2020-ல் கேரளத்தில் கருவுற்ற யானை ஒன்று வாய்க்குள் வெடி வெடித்து ஆற்றுக்குள் நின்றபடியே செத்துப்போனதை நாடே பார்த்தது. அது நடந்ததும் இப்படி ஒரு வெடியால்தான்.

சரி, முறையாகக் கேட்போம் என்று மனு எழுதினேன். சிட்டா, அடங்கல், போட்டோ எல்லாம் வைத்துக் குறைதீர் கூட்டத்தில் நானும் ஊரில் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். "பயிரைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுப் பிடிக்க ஆவன செய்யுமாறு" என்ற வரியை எழுதியது நான்தான். வங்கியில் ஆயிரம் கடிதம் எழுதிய கை அந்த ஒரு வரிக்கு நின்று நின்று எழுதியது.

சட்டத்தில் இதற்கு இரண்டு கதவு உண்டு. 11-வது பிரிவுப்படி, உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கை வேட்டையாட மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். 62-வது பிரிவுப்படி, ஒரு விலங்கையே ஒரு பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவிக்கலாம். இரண்டாவது கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பீகார் காட்டியது. அங்கே நீலான் மானையும் காட்டுப்பன்றியையும் அப்படி அறிவித்தார்கள். 2016 ஜூனில் மொகாமா பகுதியில் ஹைதராபாத்திலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் சில நாட்களில் இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். இரண்டு மத்திய அமைச்சர்கள், மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், ஒரே அரசில் இருந்துகொண்டு வெளிப்படையாகச் சண்டை போட்டார்கள். அப்போது நான் சென்னையில் இருந்தேன். அலுவலகத்தில் மேனகா காந்தி பக்கம் நின்று பலமாகப் பேசியது ஞாபகம் இருக்கிறது. என்னிடம் அன்றைக்குக் கடலை இல்லை.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஒரு முடிவு வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். செய்தியைப் படித்த அன்றைக்கே கைபேசி வரைபடத்தில் அளந்தேன். எங்கள் பக்கம் நீலகிரி மாதிரி ஒரே பெரிய காடு கிடையாது. தைலமரத் தோப்பும் கருவேலமும் காப்புக்காடும் துண்டு துண்டாகக் கிடக்கும். பக்கத்திலிருக்கும் துண்டிலிருந்து என் வயல் இரண்டே முக்கால் கிலோமீட்டர். கால் கிலோமீட்டரில் தப்பித்தது பன்றியா, நானா என்று தெரியவில்லை. வாரக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "பன்னிக்கு மைல் கல்லு நட்டுருக்காகளா ஆச்சி?" பிடித்து இரண்டே முக்கால் கிலோமீட்டர் தள்ளி விட்டால், லாரி திரும்பி வருவதற்குள் அது வந்து நிற்கும்.

இடத்தைப் பார்க்க வந்த வனவர் பொறுமையான மனிதர். வயலைச் சுற்றி நடந்தார். சுடுவதைப் பற்றி அவர் சொன்னது நான் யோசித்தே பார்க்காத விஷயம். "மலைப்பக்கம்னா பின்னாடி சரிவு இருக்கும், குண்டு தப்பினா மண்ணுக்குள்ள போயிரும். இங்க எல்லாம் தட்டை நிலம். தப்புன குண்டு எங்க போய் நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் ஒரு வீடு, இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. ராத்திரியிலதான் பன்னி வரும். காயம்பட்ட பன்னியைத் தேடி இந்தக் கருவேலுக்குள்ள யாரை அனுப்புவீங்க?" இதை அவர் மறுப்பதற்காகச் சொல்லவில்லை, வேலை தெரிந்தவர் வேலையின் கஷ்டத்தைச் சொன்னார். அதற்கப்புறம் "சுட்டுத் தள்ளணும்" என்று டீக்கடையில் யார் சொன்னாலும் நான் அந்தக் குண்டு போய் நிற்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மகன் டெக்சாஸில் ஹூஸ்டனில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "இங்க ஹெலிகாப்டர்ல போய்ச் சுடுறாங்க அத்தை. காசு கட்டிட்டுப் போகலாம்." உண்மைதான், 2011-ல் அதற்கென்றே அங்கே சட்டம் போட்டார்கள். வருடம் முழுக்கச் சுடுகிறார்கள், பன்றி குறைந்தபாடில்லை. வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. நாலு மாதத்துக்குள் சினை முடிந்து ஒரே ஈற்றில் நாலு, ஆறு குட்டி போடும் பிராணி அது. சும்மா பொழுதுபோக்குக்குச் சுடப் போகிறவன் கொம்பன் மாதிரி இருக்கிற கிடாவைத்தான் தேடுவான். கூட்டத்தை நடத்துவது தாய்ப்பன்றி. ஒன்றைச் சுட்டால் மீதிக் கூட்டம் சிதறி நாலு ஊருக்குப் போகும், அடுத்த முறை வெளிச்சத்தைக் கண்டாலே நிற்காது. மிசௌரி மாநிலத்தில் 2016-ல் வனத்துறை நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்துவிட்டார்கள். பன்றியைக் காப்பாற்றுவதற்காக இல்லை, ஒழிப்பதற்காக! வாரக்கணக்கில் சோளம் வைத்துப் பழக்கி, கூட்டம் முழுவதும் பட்டிக்குள் வந்த பிறகு கதவைப் போட்டு மொத்தமாகப் பிடிப்பதுதான் அவர்கள் வழி. அதற்கு நடுவில் ஒருவன் வந்து ஒரு குண்டு போட்டால் எல்லாம் கெட்டுப்போகும். இதைப் படித்த பிறகு, வேட்டைக்காரனால் விலங்கு எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கும் என்ற பேச்சை நான் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. வேட்டை ஆசை வேறு, பயிர்க்காவல் வேறு. இரண்டும் ஒரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவுக்குப் பன்றி வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டது. இங்கே அது மண்ணின் பிராணி. நமக்கு முன்னால் இங்கே இருந்தது.

ஆசை என்று சொன்னேன் அல்லவா. எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் இரண்டு ஜோடி மான் கொம்பு இருக்கிறது. 2003-ல் இப்படிப்பட்ட பொருள் வைத்திருப்பவர்கள் அறிவிக்கலாம் என்று அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தபோது அப்பச்சி, அதாவது என் அப்பா, எழுதிக் கொடுத்தார். அந்த நகல் இன்றும் கொம்புக்குப் பின்னால் செருகியிருக்கிறது. ஐயாவிடம், அதாவது அப்பச்சியின் அப்பாவிடம், ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ரங்கூனிலிருந்து திரும்பிய பிறகு வாங்கியது. தேர்தல் வந்தால் அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைப்பார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். ஐயாவுக்குப் பிறகு அப்பச்சி அதை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டார்.

"அந்தக் காலத்து வேட்டையில் ஒரு தர்மம் இருந்தது. சினையைச் சுடமாட்டார்கள், தேவைக்கு மேல் சுடமாட்டார்கள்" என்று என் தலைமுறையில் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன தை மாதம் பெட்டக அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு போட்டோ கிடைத்தது. பின்பக்கம் பென்சிலில் 1957. எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐயாவும் அவர் நண்பர்கள் நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் பறவைகளைக் கயிற்றில் கோத்து வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எண்ணினேன். 36 கௌதாரி, 7 முயல். பக்கத்தில் அடையாளம் தெரியாத நீளக்கால் பறவைகள் வேறு. ஐந்து பேர் தின்ன 36 கௌதாரி எதற்கு? ஐயா முகத்தில் சிரிப்பு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். ஆனால் தர்மம் பற்றிய அந்தப் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கு எங்கள் புஞ்சையில் விடியற்காலையில் ஒரு கௌதாரி கத்தினால் நான் நின்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

வேட்டை இப்போது எங்கள் ஊரில் மிச்சமிருப்பது மகர்நோன்பில்தான். விஜயதசமி அன்று சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு போடுவார். பிள்ளைகள் அம்பைப் பொறுக்க ஓடும். யாரும் சாவதில்லை. இந்த வருடமும் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த ராத்திரிதான் பன்றி மறுபடி கடலைக்குள் இறங்கியது.

மயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பன்றி ராத்திரியில் திருடும், மயில் பகலில் வந்து கணக்குக் கேட்கும். முளைத்த கடலை, மிளகாய்ப் பூ, கதிர் நெல், எதுவும் மிஞ்சாது. 1963-லிருந்து தேசியப் பறவை, சட்டத்தில் முதல் அட்டவணை, கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் ஜெயில். அதற்குமேல் இங்கே குன்றக்குடி முருகனின் வாகனம். மலையே மயில் வடிவம் என்பது நம்பிக்கை. மயிலைக் கல்லால் அடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை மலையேறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். முருகன் விஷயத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் சுழற்றிக் கிளி ஓட்டியவள். அவளைப் பார்க்க அவர் வந்தது வேடன் வேஷத்தில். பயிர்க்காவல்காரியும் வேட்டைக்காரனும் மயிலும் ஒரே சந்நிதியில் நிற்கிறார்கள். எங்களுக்குள் இதெல்லாம் சேர்ந்து நிற்க மாட்டேன் என்கிறது.

நான் சின்ன வயதில் இரவில் நரி ஊளை கேட்டுத் தூங்கியிருக்கிறேன். மயில் முட்டையும் பன்றிக் குட்டியும் நரிக்கு இரை. இந்த ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அந்த ஊளையைக் கேட்கவில்லை.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். வருடா வருடம் செய்தியில் வரும், வாரக்காரருக்கும் தெரியும். அவரிடம் அதை உதாரணமாகச் சொன்னேன். "நல்ல விசயந்தான் ஆச்சி. அந்தக் கொக்கும் நாரையும் மீனைத் திங்குது, நத்தையைத் திங்குது, கண்மாய்த் தண்ணிக்கு எரு போடுது. நெல்லைத் தின்னா அவுகளும் வெடிச்சிருப்பாக" என்றார். அவர்கள் மனசு அவ்வளவு சின்னது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பதிலும் என்னிடம் இல்லை.

இன்னொரு கேள்விக்கும் பதில் இல்லை. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடலாம், உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் சுடுவார். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, குழி தோண்டிப் புதைக்கவேண்டும். கறிக்கு வழிவிட்டால் நாளைக்கு அது வியாபாரமாகிவிடும் என்பது அதன் நியாயம், எனக்கும் அது புரிகிறது. வாரக்காரரோ, "ஒரு உசிரைக் கொன்னுட்டு நூறு கிலோ கறியை மண்ணுல போடுறதுதான் பாவம்" என்கிறார். அதுவும் புரிகிறது. அவர் சொல்வதில் பழைய ஒழுக்கம் ஒன்று இருக்கிறது, ஐயாவின் போட்டோவில் இல்லாத ஒழுக்கம்.

இத்தனையும் பேசிவிட்டு, பன்றி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை. இந்த வருடம் மகர்நோன்புக்கு மறுநாள் காலை, குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நானும் வாரக்காரரும் நடந்தோம். தடம் காப்புக்காட்டுப் பக்கம் போகவே இல்லை. வரப்பைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, முந்நூறு மீட்டரில் ஒரு கருவேலங்காட்டுக்குள் நுழைந்தது. ஆள் நுழைய முடியாத முள். அடியில் குகைமாதிரிப் பாதை பாதையாகப் போகிறது. ஓரத்தில் ஒரு பள்ளத்தில் புதிதாகச் சேற்றில் புரண்ட அடையாளம்.

"இது யார் நிலம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உங்களுதுதான் ஆச்சி."

ஐயாவின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வழி, ஒன்பது ஏக்கர் கூட்டுப்பட்டா. பதினொரு பங்காளிகள். சென்னையில் நாலு, பெங்களூரில் இரண்டு, சிங்கப்பூர், பினாங்கு, ஹூஸ்டன், கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு திசை. ஊரில் இருப்பது நான் ஒருத்தி. கடைசியாக அதில் வரகு விதைத்தது நான் கல்லூரியில் படித்தபோது. பாகம் பிரிக்க யாருக்கும் நேரமில்லை, விற்க யாருக்கும் மனமில்லை. பூட்டிய வீடுகளைப் பற்றி ஊருக்கு வருகிறவர்கள் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள், நாங்களும் பெருமூச்சு விடுகிறோம். பூட்டிய நிலத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதற்குள் பன்றி குடும்பம் நடத்துகிறது. அரசாங்கத்தைச் சுடச் சொல்லி நான் எழுதிய மனுவில் வந்த பன்றிகளுக்கு இத்தனை வருடமாக வாடகை இல்லாமல் வீடு கொடுத்திருந்தது எங்கள் குடும்பம்தான்.

கரிமூட்டம் போடும் ஒருவரை அழைத்து வந்தேன். கருவேலத்தை அவரே வெட்டி, மூட்டம் போட்டு, நமக்கும் கொஞ்சம் பணம் கொடுப்பார். வேரோடு எடுக்காவிட்டால் இரண்டு மழையில் திரும்பி நிற்கும் என்பதால் பொக்லைன் செலவு தனி. ஆனால் பட்டாவில் பெயர் உள்ள பதினொரு பேர் கையெழுத்து இல்லாமல் அவர் கத்தியை எடுக்க மாட்டார். நியாயம்தானே. பங்காளி வழக்கு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் கரி சுடுகிறவருக்கும் தெரியும்.

அவர் காட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். முள்ளுக்குள் இருபதடி தூரத்தில், காய்ந்த புல்லைக் குவித்த மெத்தை மாதிரி ஓர் இடம். அதில் ஒரு தாய்ப்பன்றி ஒருக்களித்துப் படுத்திருந்தது. மேலே ஏறி இறங்கிக்கொண்டு முதுகில் வரி வரியாக அஞ்சோ ஆறோ குட்டிகள், அணில் பிள்ளை பெரிதானதுபோல. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் அதற்கு எங்கள் வாடை தெரியவில்லை. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பின்னால் நடந்து வந்தோம். வண்டிப்பாதைக்கு வந்த பிறகுதான் வாரக்காரர் பேசினார், "என் கடலை பூரா அந்த வயித்துக்குள்ளதான் இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பொக்லைன் உள்ளே இறங்கினால் அவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காப்புக்காட்டுத் துண்டுக்குப் போகிற வழியில் நாலு ஊர், ஒரு தார் ரோடு, ஊர் நாய்கள், இன்னும் எத்தனையோ கிளட்ச் கம்பி. காட்டை வெட்டுவதும் ஒரு வேட்டைதான், ரத்தம் என் கண்ணில் படாது, அவ்வளவுதான். வெட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெட்டத்தான் போகிறேன். ரோட்டுப் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கி, உள்பக்கத்தைக் கடைசியாக வெட்ட முடியுமா என்று கரிக்காரரிடம் கேட்டேன். "பன்னிக்கு வீடு காலி பண்ண டயம் குடுக்குறீகளாக்கும்?" என்றார். ஆமாம், மாசி வரைக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விவரம் போட்டு மூன்று வாரமாகிறது. எட்டுப் பேர் சரி என்றுவிட்டார்கள். பெங்களூர் அண்ணன் முதலில் பாகம் பிரிக்கட்டும் என்கிறார். சிங்கப்பூரிலிருந்து, "அது ஐயா காடு, அப்படியே இயற்கையாக இருக்கட்டுமே" என்று ஒரு செய்தி, கூடவே ஒரு பச்சை இலைப் படம். அந்த நிலத்தை அவள் கடைசியாகப் பார்த்து 22 வருடம் இருக்கும். நான் மூன்று கால் நாயின் போட்டோவை எடுத்து அனுப்பப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

பினாங்கு சித்தப்பா மகனிடமிருந்து நேற்று ராத்திரி பதில் வந்தது. நான் டார்ச் லைட்டோடு வாரக்காரரின் மருமகனுக்குத் துணையாகப் பரணில் உட்கார்ந்திருந்தேன். "கையெழுத்துப் போடுறேன் ஆச்சி. கரி வித்தா என் பங்குக்கு எவ்வளவு வரும்?"